சரோஜினிக்கு வயது ஏற்றியவர்

2004ஆம் ஆண்டு நவம்பர் 3, புதன்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் தூறல். குடை விரித்தால் வீண், விரிக்காவிட்டால் சட்டை ஈரம் என்கிற ரகத் தூறல். எங்கள் இரும்பு உருக்காலையின் வாசலில் இருந்த எடைமேடையின் மீது ஒரு லாரி இல்லை, ஒரு மனிதன் இல்லை, ஒரு நாயும் இல்லை. மூன்றையும் தனித்தனியாகப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஆனால் அறைக்குள் இருந்த பெட்டியில் சிவப்பு எண்கள் ஐம்பது கிலோ என்று காட்டிக்கொண்டிருந்தன.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"வந்துட்டா சார்," என்றார். "கொஞ்சம் எழுந்து நில்லுங்க. பொம்பளப் புள்ள வந்துகீது."

நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தமிழில் கதை எழுதியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். கதைக்குள் இருப்பவர்களுக்கு வருடம் தவறாமல் வயது ஏற்றிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஆலையின் வேபிரிட்ஜ் நைனா. எந்த நீதிமன்றத்தில் கேட்டாலும் சத்தியம் செய்வேன்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. நான் அங்கே டைம் ஆபீஸ் கிளார்க். ஆட்கள் வரும் நேரம், போகும் நேரம், லீவு, வயது எல்லாம் என் பதிவேட்டில்தான். ஆனாலும் பதிவேட்டைத் திறந்தால்தான் அவர் பெயர் நினைவுக்கு வரும், மூடினால் போய்விடும். ஆர்.கே.பேட்டைப் பக்கத்து ஆள். ஒல்லி என்றால், லுங்கியைக் கொடியில் காயப்போட்டது போல் ஒல்லி. காண்டிராக்ட் வேலை. ஒவ்வொரு ஏப்ரலிலும் காண்டிராக்டர் ஆட்களின் பட்டியல் அனுப்புவார். அதில் நைனாவின் வயது 45 என்று இருக்கும். நான் சேர்ந்த 2001இல் 45. மறு வருடம் 45. அதற்கு மறு வருடமும் 45. காண்டிராக்டர் பழைய பட்டியலையே ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அப்படியே பார்த்துப் பதிவேட்டில் எழுதினேன். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் அப்போது வைத்துக்கொள்ளவில்லை.

எடைமேடை, அதாவது வேபிரிட்ஜ், பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சரக்கு லாரி உள்ளே வரும்போது ஒரு முறை எடை போடுவார்கள். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக வெளியே போகும்போது இன்னொரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இறங்கிய சரக்கு. முதல் எடை மட்டும் விழுந்த சீட்டை ஆணியில் குத்தி வைப்பார்கள். இரண்டாவது எடை விழும்வரை அந்தச் சீட்டு முடியாத சீட்டு.

நைனாவின் மொத்த வேதாந்தமும் இவ்வளவுதான். அதை அவர் லாரியோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் கஷ்டம்.

அவருடைய அறை எட்டடிக்கு ஆறடி. அதில் ஒரு மேசை, இரண்டு ஸ்டூல், பழைய வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கதைகள் நாற்பத்து மூன்று. லாரிக்கும் லாரிக்கும் நடுவே படிப்பார். நானும் கதைப் பைத்தியம்தான். என் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருபத்திரண்டு அடி தூரத்தில் அவர் ஜன்னல். ஆகவே சேர்ந்த முதல் வாரமே புத்தகம் கேட்டுப் போனேன். ஒரு புத்தகத்தைத் திறந்தால் ஓரமெல்லாம் பென்சிலில் எண்கள்.

"என்ன நைனா இது, கணக்கு நோட்டா?"

"வயசு சார்."

"யாருக்கு?"

"இவனுக்குத்தான்," என்று கதாநாயகன் படத்தைத் தொட்டார். "காலேஜ் போறான்னு எழுதிட்டு ஆசிரியர் பாட்டுக்குக் கதைய முடிச்சிகினு பூட்டாரு. இவன் எத்தினி வருஷம் சார் காலேஜ் போவான்? இப்போ பேரன் எடுத்திருப்பான். வழுக்கை உழுந்திருக்கும். நாமதானே பாத்துக்கணும்?"

வருடத்துக்கு ஒரு முறை, போகியன்று, நாற்பத்து மூன்று புத்தகங்களையும் இறக்கி வைத்து, உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரு வயது கூட்டுவார். ஊரே பழைய பாயைக் கொளுத்திக்கொண்டிருக்கும். இவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, புகையில் இருமிக்கொண்டே, கதாநாயகிகளுக்கு நாற்பத்தெட்டு, ஐம்பத்தொன்று என்று போட்டுக்கொண்டிருப்பார்.

நான் விடுவேனா? வாதம் செய்தேன். "கதை என்றால் அப்படித்தான் நைனா. வயதாவதை மறக்கத்தானே நாம் கதை படிக்கிறோம்?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சார், ஒரு வண்டி லோடோட உள்ள வருது, பதினெட்டு டன்னு. வெளிய போவச்சொல்லோ எட்டு டன்னு. சரி, பத்து டன்னு எறக்கிக்கீறான். உள்ள வரச்சொல்லோ பதினெட்டு, வெளிய போவச்சொல்லோவும் அதே பதினெட்டுன்னா இன்னா அர்த்தம்? ஒண்ணியும் எறக்கல. திருட்டு வண்டி! இந்தக் கதையப் பாருங்க. மொத அத்தியாயத்துல அவளுக்கு வயசு பதினெட்டு. முப்பத்தாறாவது அத்தியாயத்துலயும் பதினெட்டு. நடுவுல இன்னாத்த எறக்கனா?"

"வளர்கிற கதைகளும் இருக்கிறதே."

"எங்க வளர்றான்? பத்து வயசுப் பையன் கெணத்துல கல்லு போடறான். அப்பால மூணு நட்சத்திரம் போட்டு, 'பதினைந்து ஆண்டுகள் உருண்டோடின'. கல்லு தண்ணில உழறதுக்குள்ள இவன் கலெக்டர் ஆயிட்டான்! அந்தப் பதினஞ்சு வருஷத்துல இவனுக்கு அம்மை போட்டுச்சா, கணக்குல ஃபெயிலானானா, மொதோ மொதோ ஷேவ் பண்ணி மோவாய அறுத்துகினானா? ஒண்ணும் கெடையாது. மூணு நட்சத்திரம்!"

"சரி, கிழவர்கள்?"

"அது அத்த விட மோசம். கெழவன்னா ஈஸிசேர்ல உட்காரணும், காதாண்ட மட்டும் நரைக்கணும், ஒரு தபா இருமணும். இருமனா அடுத்த வாரம் செத்துடணும். சாவற வரைக்கும் தத்துவம் பேசணும். எனக்கும்தான் வயசாவுது சார். இத்தினி வருஷத்துல ஒரு தத்துவம் வரல. மூத்திரம்தான் அடிக்கடி வருது."

கதைகளைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

அவர் இஷ்டத்துக்குரிய ஆள் சரோஜினி. அட்டையும் முதல் பதினாறு பக்கங்களும் தொலைந்துபோன ஒரு தொடர்கதையில் அவள் கதாநாயகி. எழுதியவர் யாரென்று தெரியாது. கதையின் கடைசியில் அவள் ஒரு சின்ன ஸ்டேஷனில், போய்விட்ட ரயிலைப் பார்த்தபடி நிற்பாள். திரும்பி வருவதாகச் சொன்னவனுக்காகக் காத்திருந்தாள் என்பதோடு முற்றும். கதைக்குள் ஒரு கடிதத்தில் வருடம் இருந்தது. அதை வைத்து நைனா கணக்குப் போட்டதில் சரோஜினி பிறந்தது 1947. நான் பிறந்ததும் 1947.

"அம்பத்தேழு வயசுப் பொம்பளய இன்னமும் பிளாட்பாரத்துல நிக்க வெச்சிக்கீறாங்க சார். ஒரு பெஞ்சாவது போடக்கூடாது?" என்று நைனா நிஜமாகவே கோபப்படுவார்.

அவள்தான் அந்தப் புதன்கிழமை மாலை எடைமேடையில் ஐம்பது கிலோவாக வந்து நின்றவள். மழைக்காலத்தில் அடிக்கடி வருவாளாம். "ரயிலு வராதுன்னு தெரிஞ்சிடுச்சி. லாரியிலயாவது போலாம்னு வந்துகீறா," என்றார் நைனா. "ஏறிப் பாருங்க சார், பக்கத்துல. ஒண்ணும் செய்யமாட்டா."

"ஏறமாட்டேன்."

"பயமா?"

"செருப்பு ஈரம்."

அன்று மாலையே அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு பொன்னேரி ரயிலில் ஏறினேன். என் வீடு பொன்னேரியில். கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் ஓரக் குறிப்புகள் எல்லாம் பார்த்துவிட்டேன். சரோஜினிக்குப் பதினெட்டிலிருந்து ஐம்பத்து நான்கு வரை வெறும் எண்கள்தான். ஐம்பத்தைந்திலிருந்து எண்ணோடு குறிப்பும் இருந்தது.

'55. பேப்பரை ஒரு கை நீளம் தள்ளிப் பிடிக்கிறா. கண்ணாடி வாங்கல. கேட்டா வெளிச்சம் பத்தலங்கறா.'

'56. படி எறங்கும்போது வாய்க்குள்ள எண்ணிக்கினே எறங்கறா. உழுந்துடுவோம்னு பயம்.'

'57. பேரு மறந்து போவுது. மறந்தது தெரியக்கூடாதுன்னு எல்லாரையும் வாப்பா, வாப்பான்னு கூப்பிடறா.'

புத்தகத்தை மூடிவிட்டேன். அப்போது நான் அதை ஒரு கை நீளம் தள்ளித்தான் பிடித்திருந்தேன். ரயில் பெட்டியில் வெளிச்சம் பற்றாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். டைம் ஆபீஸ் படிகள் ஒன்பது. இறங்கும்போது ஒன்பதையும் எண்ணுவேன். பெயர் மறப்பதை மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. பிறக்காத ஒரு பெண்ணுக்கு என் வியாதிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அல்லது அவளுடையது எனக்கு வந்துகொண்டிருந்தது. எது முதல் என்று தெரியவில்லை. பொன்னேரியில் இறங்க மறந்து, பழவேற்காட்டு மீன்கூடைக்காரர் ஒருவர் தோளைத் தட்டி இறக்கிவிட்டார். அவரையும் "நன்றி வாப்பா" என்றேன்.

படித்தவன் இப்படி பயப்படலாமா? மறுநாளே மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். எடைமேடைக்கு அடியில் உள்ள பள்ளத்தில் சேறு சேர்ந்தால் தட்டு அழுந்தும், எண் சைபருக்குத் திரும்பாது, ஆகவே உடனே பள்ளத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு ஆட்கள் இறங்கினார்கள். பதினான்கு கூடை சேறு, மூன்று தவளை, ஒற்றைச் செருப்பு ஒன்று. பெண்கள் போடும் செருப்பு. இடது கால்.

எங்கள் ஆலையில் வேலை செய்த ஒரே பெண் கேன்டீன் முனியம்மா. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என்து ரெண்டும் கால்ல கீது சார், நல்லா பாத்துக்கோ," என்று தூக்கிக் காட்டினாள்.

வீட்டுக்குப் போய்க் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். ரயிலின் பின்னால் சரோஜினி ஓடுகிறாள். செருப்பு ஒன்று கழன்று விழுகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எந்தக் கால் என்று ஆசிரியர் எழுதவில்லை. எழுதித் தொலைத்திருந்தால் அன்றைக்கே ஒரு முடிவு கட்டியிருக்கலாம்.

பள்ளம் சுத்தமானது. எண் சைபருக்கு வந்தது. நைனா ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் முனியம்மா டீ கொண்டுவந்தபோது அவளிடம் என் காதில் விழும்படி சொன்னார்: "ஒரு பொம்பளய பெருக்கித் தள்ளிட்டாரு உங்க சார். படிச்சவரு."

பதினோராம் நாள் வெயில். பள்ளம் காய்ந்து வெடித்திருந்தது. நானே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மாலை நான்கு பத்துக்குப் பெட்டியில் ஐம்பது. நைனா என் ஜன்னலைப் பார்த்துக் கையை உயர்த்தினார். சமாதானம் என்று அர்த்தம்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். ஆலையில் யார் வேலைக்குச் சேர்ந்தாலும் நைனா எடைமேடையில் ஏற்றி, வயதும் எடையும் போட்டுச் சீட்டு எழுதிவிடுவார். மேடைக்குப் பத்துப் பத்து கிலோவாகத்தான் எண்ணத் தெரியும். ஆகவே மனிதர்கள் எல்லாம் அதில் ஐம்பது, அறுபது, எழுபதுதான். நான் 2001 மார்ச் 12ஆம் தேதி அறுபது. எல்லாருடைய சீட்டும் ஆணியில் குத்தப்பட்டிருக்கும். வேலையை விட்டுப் போகிறவர் மறுபடி ஏறி இறங்க வேண்டும். அப்போதுதான் சீட்டு முடியும். சிரித்துக்கொண்டே எல்லாரும் ஏறுவார்கள். ஆணியின் அடியில் நைனாவின் சீட்டும் ஒன்று, மஞ்சளாகிப் போய்: ஐம்பது கிலோ.

2004 தீபாவளிக்குப் பிறகு நான் ஒன்றைக் கவனித்தேன். அந்த வருடம் எடை போட்டு வெளியே போனவர்களில் மூன்று பேர் செத்துப்போயிருந்தார்கள். பிட்டர் ஒருவர், வாட்ச்மேன் ஒருவர், ஸ்டோர்ஸில் இருந்த ஒரு பாய். சீட்டு முடிந்த எட்டு மாதத்துக்குள் மூவரும். நான் 2005 ஜூன் 30ஆம் தேதி ஓய்வு பெற வேண்டும்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இரவு படுத்தால் கூரையில் சிவப்பு எண். எட்டு மாதம் என்றால் இருநூற்று நாற்பது சொச்சம் நாள். மனைவி கேட்டதற்கு வாயு என்றேன். போகி வந்தது. நைனா எல்லாருக்கும் வயது ஏற்றினார். சரோஜினிக்கு 58. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்தேன்.

'58. எதையோ நெனைச்சி பயப்படறா. சொல்லமாட்டேங்கறா. சோறு குறைஞ்சிடுச்சி.'

அதற்குப் பிறகு நான் எடைமேடை அறைக்குள் போகவில்லை.

ஜூன் 30, வியாழக்கிழமை, வெயில். எனக்கு ஒரு மாலை, ஒரு சூட்கேஸ், ஆறு பேச்சு. ஜன்னல் வழியே பார்த்தேன். நைனா மேடையைத் துடைப்பத்தால் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, சைபர் வைத்துவிட்டு, குடையோடு நின்றுகொண்டிருந்தார். எனக்கு நிழல் பிடிக்க. லாரிகளைச் சாலையிலேயே நிறுத்தியிருந்தார். ஹாரன் மேல் ஹாரன். "சாமி ஊர்கோலமா இன்னா, வண்டிய உடுய்யா!" என்று டிரைவர்கள் கத்தினார்கள்.

நான் ஒன்பது படியையும் எண்ணாமல் இறங்கி, கேன்டீன் பக்கத்துச் சின்ன கேட்டை நோக்கி நடந்தேன். முனியம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், மாலையும் கழுத்துமா இந்தப் பக்கம்? அங்க நைனா நின்னுகினு கீறாரு."

"காற்று வாங்கப் போகிறேன் வாப்பா."

"வாப்பாவா? நான் முனியம்மா சார்!"

வெளியே வந்து, முதல் ஷேர் ஆட்டோவில் ஏறி, ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். அந்தப் பக்கம் மூன்றரை வருடம் தலைவைத்துப் படுக்கவில்லை. எட்டு மாதம் கடந்தது. நான் சாகவில்லை. சீட்டு முடியாததால்தான் சாகவில்லை என்று கணக்கு எழுதிக்கொண்டேன்.

2009 பிப்ரவரியில் ஒரு மதியம் முனியம்மா பொன்னேரிக்கு வந்தாள். மஞ்சள் பை. உட்காரச் சொல்லி என் மனைவி தண்ணீர் கொடுத்தாள்.

"கம்பெனி மூடி ஒரு வருஷமாச்சி சார். வேபிரிட்ஜ மட்டும் ஒருத்தர் லீசுக்கு எடுத்து ஓட்டிகினு கீறாரு. நைனா அங்கியேதான் இருந்தாரு. போகிக்கு மொத நாளு..." தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "பூட்டாரு சார். ஸ்டூல்ல உட்கார்ந்தமேனிக்கு."

அவர் பெயரை நினைவுபடுத்திக்கொள்ளப் பார்த்தேன். வரவில்லை.

"வயசு இன்னான்னு ஆஸ்பத்திரில கேட்டாங்க. யாருக்குத் தெரியும்? கம்பெனி கடுதாசில நாப்பத்தஞ்சுன்னு இருந்துச்சி. அதையே எழுதிகினாங்க. தலையெல்லாம் பஞ்சா கீது, பல்லு நாலு கூட இல்ல, நாப்பத்தஞ்சாம். எனக்கு அழுகையும் வந்துச்சி, சிரிப்பும் வந்துச்சி."

அந்தக் கடுதாசி என் கையெழுத்து.

அவளிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை. "முனியம்மா, எடை போட்டுப் போனவர்கள் எல்லாம் செத்துப்போனார்களே, அதனால்தான் நான் அன்றைக்கு..."

"யாரு செத்தாங்க? மூணு பேரு. ஒருத்தரு குடிச்சாரு, ஒருத்தருக்கு சக்கர, பாய்க்கு முன்னாடியே நெஞ்சு வலி. அந்த வருஷம் எடை போட்டுகினு போனது பதினாலு பேரு சார். மிச்சம் பதினோரு பேரு ஊட்டுல உட்கார்ந்து சோறு துன்னுகினு கீறாங்க. நீ செத்தவங்களயே எண்ணிகினு இருந்தியா?"

நாற்பது வருடம் எண்ணிப் பிழைத்தவன் நான்.

"இன்னா சார் ஆளு நீ. அன்னிக்கு ஏழு மணி வரைக்கும் கொடயப் புடிச்சிகினு நின்னாரு. பதினாறு வண்டி நின்னுச்சி ரோட்டுல. நான்தான் போயி, சார் அந்தக் கேட்டு வழியா பூட்டாருன்னேன். 'சொல்லிகினு போயிருக்கலாமே'ன்னாரு. அவ்ளோதான்." பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். அட்டையில்லாத சரோஜினி. உள்ளே இரண்டு சீட்டுகள். "இத்த டைம் ஆபீஸ் சாரண்ட குடுத்துடுன்னு எப்பவோ சொல்லி வெச்சிகினு இருந்தாரு."

"இதில் எழுதியிருப்பதெல்லாம் எனக்கு வந்த வியாதி முனியம்மா. அவருக்கு எப்படித் தெரிந்தது? அதுதான் எனக்குப் பயம்."

முனியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எதிர் ஜன்னல்ல யாரு சார் உட்கார்ந்துகினு இருந்தது? உன்னயத்தான் பாத்துகினே இருப்பாரு. நீ படி எறங்கறது, பேப்பர எட்டப் புடிக்கறது. நான்கூட கேட்டேன், இன்னா நைனா அவர அப்டி பாக்கறன்னு. 'வயசாவறது எப்டின்னு எந்தக் கதையிலயும் ஒழுங்கா எழுதல. எனக்கு வேற யாரத் தெரியும்? அவரப் பாத்துதான் எழுதறேன்'ன்னாரு."

அவள் போனபின் புத்தகத்தைத் திறந்தேன். இப்போது கண்ணாடி போட்டிருந்தேன்.

'59. பின்பக்க கேட்டு வழியா பூட்டா. சொல்லிக்கல.'

'60. எப்டி கீறாளோ. முட்டி வலி வந்திருக்கும். நடந்தாத்தான் கொறையும். யாராவது சொல்லணும்.'

'61. கண்ணாடி வாங்கியிருப்பான்னு வெச்சிக்கறேன்.'

62 இல்லை. போகிக்கு ஒரு நாள் இருந்தது.

சீட்டுகளில் ஒன்று என்னுடையது. வருகை எடை 60. போகும் எடை காலி. இன்னொன்று அவருடையது. வருகை எடை 50. போகும் எடை காலி.

மறுநாள் காலை பொன்னேரி ஸ்டேஷன் எடை மிஷினில் காசு போட்டுப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு கிலோ. சில்லறை எதுவும் சட்டைப்பையில் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். பத்து இருபது ரயிலில் கும்மிடிப்பூண்டி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஆலை கேட்டில் பூட்டு. எடைமேடை மட்டும் உயிரோடு இருந்தது. வெயில், காற்று இல்லை. பள்ளத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தம், காய்ந்த தரை.

நைனாவின் ஸ்டூலில் வேறொருவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "வண்டி எங்க பெரியவரே?"

"வண்டி இல்லை. நான்தான்."

வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "கொறஞ்ச சார்ஜே முப்பது ரூபா. ஆஸ்பத்திரில ஓசியாப் பாப்பாங்களே?"

"பரவாயில்லை. இது ஒரு பழைய சீட்டு. முடிக்கவேண்டும்."

மேடைக்கு மூன்று படி. எண்ணாமல் ஏறினேன். நடுவில் போய், புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு அடி தள்ளி என் பழைய ஜன்னல், கண்ணாடி உடைந்து கிடந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவன் எவ்வளவு நன்றாகத் தெரிந்திருப்பான் என்று அப்போதுதான் பார்த்தேன்.

உள்ளேயிருந்து அந்த ஆள் கத்தினார். "பெரியவரே, கூட யார்னா நிக்கறாங்களா?"

"ஏன்?"

"நூத்திப்பத்து காட்டுது. கொஞ்சம் இருங்க, சைபர் வெச்சிட்டு மறுபடி..."

"வேண்டாம்," என்றேன். "சரியாகத்தான் இருக்கிறது. அப்படியே போடுங்கள்."

சரோஜினியும் ஐம்பது, நைனாவும் ஐம்பது. எவர் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே வரும்போது அறுபதாக வந்தேன். வெளியே போகும்போது நூற்றுப்பத்து. என்ன இறக்கினாய் என்று நைனா கேட்டால், ஒன்றும் இறக்கவில்லை. ஏற்றிக்கொண்டுதான் போகிறேன்.

இரண்டு சீட்டுகளிலும் போகும் எடையை அவருடைய பென்சில் போலவே பென்சிலில் எழுதினேன். பிறகு மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, புத்தகத்தில் சரோஜினிக்கு 62 போட்டேன். 'கண்ணாடி வாங்கிவிட்டாள். நடக்கிறாள். சொல்லிக்கொண்டு போகிறாள்.' நைனாவின் சீட்டில் வயது என்ற இடத்தில் 45 என்று இருந்ததை அழித்தேன். என்ன போடுவது என்று தெரியவில்லை; 62 என்று எழுதினேன். போகிக் கணக்கில் என் வயதும் அதுதான், அதுவே இருக்கட்டும். ஒவ்வொரு போகிக்கும் இரண்டு பேருக்கும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

பென்சில் இரண்டு, ஸ்டேஷன் எடை மிஷின் ஒன்று, ரயில் போகவர எட்டு, ஷேர் ஆட்டோ போகவர பத்து, எடைமேடை முப்பது. மொத்தம் ஐம்பத்தொரு ரூபாய். ஆளுக்கு இருபத்தைந்து ஐம்பது. அவர் பங்கையும் நானே கொடுத்துவிட்டேன்.